டாக்டர் வாய் திறக்கக் கூடாத வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 9

வெங்காயம் தீய்கிற நாற்றம் மாதா கோயிலின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டிலேயே பெர்னியின் மூக்கில் ஏறிவிட்டது. கையிலிருந்த முட்டை அட்டைகளை அப்படியே படியில் வைத்துவிட்டு ஓடினாள். எழுபத்தோரு வயதில் ஓட்டம் என்றால் என்ன ஓட்டம், விழாமல் இறங்கினாள், அவ்வளவுதான்.

பெரிய வாணலியில் வெண்ணெயும் வெங்காயமும் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தன. அதற்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வெகு நிதானமாக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார் அவள் கணவர் எமில் ஹூடாக்.

"எமில், அடுப்பைப் பாக்கலையா நீ?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றவர், அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். "அடடா."

பிரோஹிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் சாமான் அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கிழவன் பகல் கனவு காண்கிறான் என்றாள் ஒருத்தி. கனவில் வந்தவள் யார் என்று கேட்டாள் இன்னொருத்தி. பெர்னியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாணலியைத் தூக்கித் தொட்டியில் போட்டாள். கண்ணில் நீர் வந்ததற்குப் புகை நல்ல சாக்காக இருந்தது.

பார்க்கவில்லை என்பதல்ல விஷயம். அவருக்கு வாசனை தெரியவில்லை. மூக்குக்கு நேரே வெங்காயம் கரிந்திருக்கிறது, மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் குடும்பத்தோடு சில வாரங்களாகப் பழகி வருகிறவர்களுக்கு, போன வாரத் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று நடந்தது நினைவிருக்கும். எமில் கத்தியைத் தம்பியிடம் நீட்டி, இந்த வருஷம் வான்கோழியை நீயே அறு என்று சொல்லிவிட்டார். பெருந்தன்மை என்று எல்லோரும் நினைத்தார்கள். கத்தி பிடித்த வலது கை நடுங்கியதைப் பார்த்தவள் பெர்னி ஒருத்தி மட்டும்தான்.

அறுத்துப் பரிமாறிக்கொண்டே அந்தத் தம்பி ரூடி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். ரூடி முன்பு கார் விற்றவன், இப்போது ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீடு விற்கிறான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அறுபத்தைந்து முடிந்து அரசாங்க மெடிகேர் காப்பீடு கிடைத்த கையோடு, அதை ஒரு தனியார் கம்பெனியின் திட்டத்தில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். மாதத் தவணை கிடையாது. பல், கண்ணாடி, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் இலவசம். அதனால் வீட்டில் அதற்கு 'ஓசி பிளான்' என்றே பேர். ஓசி என்றால் ஒரு கயிறும் இருக்குமல்லவா? கம்பெனியின் பட்டியலில் உள்ள டாக்டர், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி, பெரிய பரிசோதனை எதற்கும் கம்பெனியின் அனுமதி. ஆறு வருஷமாக இருவருக்கும் தலைவலிக்கு மேல் எதுவும் வரவில்லை, கயிறு இருப்பதே தெரியவில்லை.

ஜனவரியிலிருந்து ஏரிக்கரைப் பெரிய ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இல்லை. இதுதான் ரூடி போட்ட குண்டு. மூளைக்கும் நரம்புக்கும் இந்த ஓஹையோவில் பெயர் பெற்ற டாக்டர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.

வழி ஒன்று உண்டு. ஓசி பிளானை உதறிவிட்டு அரசாங்க மெடிகேருக்கே திரும்பி, அது கொடுக்காத மிச்சத்தைக் கொடுக்க ஒரு துணை பாலிசி எடுத்துக்கொள்வது. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஆனால் எந்த ஊர், எந்த டாக்டர், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டிசம்பர் ஏழுக்குள் மாறினால் ஜனவரி முதல் தேதியே அமலுக்கு வந்துவிடும்.

ஆனால் துணை பாலிசிக்காரன் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பான். அறுபத்தைந்து முடிந்த முதல் ஆறு மாதத்தில் போயிருந்தால் ஒரு கேள்வி இல்லாமல் கதவைத் திறந்திருப்பான். அந்த ஆறு மாதத்தில்தான் ரூடி அவர்களை ஓசி பிளானுக்குக் கூட்டிப் போனான். இதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் பெர்னி பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கேள்விகளில் கடைசியாக ஒன்று வரும், அதில்தான் பாதிப் பேர் விழுவார்கள் என்று ரூடி எச்சரித்திருந்தான். கடந்த இரண்டு வருஷத்தில் எந்த டாக்டராவது பரிசோதனையோ சிகிச்சையோ செய்துகொள்ளச் சொல்லி, அதை இன்னும் செய்யாமல் வைத்திருக்கிறீர்களா?

பெர்னி அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். கை நடுங்குகிறதா என்று அவன் கேட்கவில்லை. வாசனை தெரிகிறதா என்று கேட்கவில்லை. டாக்டர் சொன்னாரா என்றுதான் கேட்கிறான். டாக்டர் சொல்லவில்லை. ஏனென்றால் டாக்டர் பார்க்கவில்லை. நவம்பர் கடைசியில் எமிலுக்கு இருந்த வருடாந்தரப் பரிசோதனையை, அவருக்கு ஜலதோஷம் என்று சொல்லி அவளேதான் தள்ளிப் போட்டாள்.

இருவர் பெயரிலும் விண்ணப்பம் போட்டாயிற்று. துணை பாலிசிக் கம்பெனிக்காரர்கள் தொலைபேசியில் அழைப்பது இன்று நான்கு மணிக்கு. அதுவரை ஒரு டாக்டரும் எமிலைப் பார்த்து வாய் திறக்கக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பிரோஹி விற்பனை. அவர்களுடைய குடும்ப டாக்டர் பாவ்லிக் இதே கோயிலின் பங்கைச் சேர்ந்தவர், மதியம் தவறாமல் வந்து நிற்பார்.

பெர்னி முட்டைகளை எடுத்துவந்து வேலையைத் தொடங்கினாள். வட்டம் வட்டமாக வெட்டிய மாவில் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளி ஒட்ட வேண்டும். கிள்ளும் மேசைக்கு அவள்தான் தலைவி. ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் கொதிக்கும் தண்ணீரில் வாய் பிளந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்களிடம் கடுகடுப்பாகச் சொல்வாள். இன்று அவளே கிள்ளியதில் இரண்டு பிளந்தன.

உருளைக்கிழங்கு உரித்து முடிந்ததும் எமில் கையைத் துடைத்துக்கொண்டு மேசையோரம் வந்து உட்கார்ந்தார். கைக்கு வேலை இல்லையென்றால்தான் வினை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, எதையோ உருட்டுவதுபோல அசைய ஆரம்பித்தன. ஓயாமல், அவரைக் கேட்காமல்.

பெர்னி வெட்டி எறிந்த மாவில் ஒரு துணுக்கைக் கிள்ளி அவர் விரல்களுக்கு நடுவே வைத்தாள். "உருட்டிக்கிட்டே இரு" என்றாள் மெதுவாக.

இது அவள் செப்டம்பரில் கண்டுபிடித்த தந்திரம். கையில் மாவு இருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒரு கிழவர் மாவை வைத்து விளையாடுகிறார், அவ்வளவுதான். எதற்கு என்று எமில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வார், உருட்டுவார். அவர் கேட்காதது பெர்னிக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் கேட்கவில்லை என்று அவள் யோசிக்கவே இல்லை.

மதியம் வரிசை கூடியது. படிக்கட்டில் டாக்டர் பாவ்லிக்கின் பழுப்புத் தொப்பி தெரிந்ததும் பெர்னி எமில் பக்கம் திரும்பினாள்.

"எமில், பின்னாடி ஷெட்டுல போய் காலி டப்பா எடுத்துட்டு வா."

"நேத்தே எடுத்து அடுக்கியாச்சே."

"பத்தாது. போ."

எமில் அவளையும் பார்த்தார், படிக்கட்டையும் பார்த்தார். எழுந்து பின்கதவுப் பக்கம் நடந்தார். இடது கை வீசிக்கொண்டு போயிற்று, வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு போயிற்று. குட்டை குட்டையான அடி. பஸ் பணிமனையில் முப்பது வருஷம் எஞ்சினைத் தோளில் தாங்கிய மனிதர், இப்போது வழுக்குகிற தரையில் நடப்பவர்போல நடந்தார். சீக்கிரம் போயேன் என்று பெர்னி மனசுக்குள் அவரைத் தள்ளினாள்.

டாக்டருக்கு வழக்கம்போல இரண்டு டஜன், ஒன்று உருளைக்கிழங்கு, ஒன்று புளித்த முட்டைக்கோஸ். பெர்னி அவர் கேட்கும் முன்பே டப்பாக்களை நீட்டினாள்.

"எமில் எங்கே?" என்றார் அவர்.

வேறொருத்தியாக இருந்தால் பூசி மெழுகியிருப்பாள். பெர்னிக்கு அது வராது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, டாக்டரைக் கோட் மாட்டும் மூலைக்குக் கூட்டிப் போனாள்.

"டாக்டர், உங்ககிட்ட ஒரு உதவி. இன்னிக்கு எமில்கிட்ட உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. எப்படி இருக்கேன்னுகூடக் கேக்காதீங்க. திங்கட்கிழமை நானே கூட்டிட்டு வர்றேன். அப்போ என்ன வேணா சொல்லுங்க."

டாக்டர் பாவ்லிக் அவளை வெகுநேரம் பார்த்தார். வருஷக்கடைசியில் பாலிசி மாற்றும் நாட்களில் இந்த ஊர்க் கிழவிகள் எதற்கெல்லாம் இப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாததல்ல.

"பெர்னி" என்றார். "அவர்கிட்ட புதுசா சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நல்ல மனுஷன், புரிந்துகொண்டார், வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வாக்கியத்தில் இருந்த 'புதுசா' என்ற ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

அதற்குள் எமில் டப்பாக்களோடு வந்துவிட்டார். டாக்டர் எமில் தோளில் கை வைத்தார். ஒரு நொடி கூடுதலாகவே வைத்திருந்தார். எமில் தலையை அசைத்தார். டாக்டரும் தலையை அசைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை.

பெர்னி மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளே காரை ஓட்டினாள். மூன்று மணிக்கே வானம் இருண்டு கிடந்தது, ஏரிப் பக்கமிருந்து ஈரப் பனி அடித்தது. வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கதை சொல்லக் கூடாது. பேச்சைப் பதிவு செய்வார்கள், அதனால் இருமக்கூடக் கூடாது. 'இல்லை' என்ற ஒரு வார்த்தை போதும்.

"எல்லாத்துக்கும் இல்லைதானா?"

"எல்லாத்துக்கும்."

"உன் பேரு எமில் ஹூடாக்கான்னு கேட்டா?"

"என் உயிரை வாங்காதே" என்றாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குரல் இப்போதெல்லாம் தணிந்து போயிருந்தது, கேலியைக்கூடக் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எமில் கேட்டார். "முதல்ல நீ பேசிடேன், பெர்னி. அப்புறம் நான் பேசறேன்."

"ஏன்? உன் பேர்தான் முதல்ல இருக்கு. உன்னோடது முடிஞ்சாத்தான் எனக்கு மூச்சே வரும்."

அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாசலில் ரூடி காத்திருந்தான். இன்று புனித மிக்குலாஷ் திருநாள், காலணிக்குள் பரிசு வைக்கும் நாள். தாடி வைத்த சாக்லேட் பொம்மை ஒன்றை அண்ணிக்கு நீட்டினான். அவள் அதை வாங்கி, பார்க்காமலேயே அலமாரிமேல் வைத்தாள். காலையில் அவளுடைய காலணிக்குள் எமில் வழக்கம்போல ஆரஞ்சுப் பழம் ஒன்று வைத்திருந்தார். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒரு டிசம்பர் ஆறாம் தேதியும் தப்பியதில்லை. அந்தப் பழம் இன்னும் சாப்பாட்டு மேசைமேலேயே இருந்தது.

ரூடி கோட்டைக் கழற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, அண்ணனைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நான் எழுதிக் கொடுத்தாகணும்."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் உனக்கு ஒண்ணும் தெரியாதுதானே, ரூடி" என்றாள் பெர்னி.

ரூடி காபி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மூவருக்கும் கேட்கும்படி ரூடி அதை மேசை நடுவில் வைத்தான். ஒரு இளம் பெண்ணின் குரல். பேச்சு பதிவாகிறது என்றாள், சம்மதமா என்றாள். சம்மதம் என்றார் எமில். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் கேட்டாள். அப்புறம் நோய்களின் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தாள்.

புற்று? இல்லை. மாரடைப்பு? இல்லை. பக்கவாதம்? இல்லை. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல்? இல்லை, இல்லை, இல்லை. நடுக்குவாதம் மாதிரி நரம்பு நோய் என்று எந்த டாக்டராவது முடிவு செய்திருக்கிறாரா? இல்லை என்றார் எமில். அது நிஜம்தானே என்று பெர்னி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேசைக்கு அடியில் எமிலின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் பிடிக்குள்ளேயே அந்தக் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு கடைசிக் கேள்வியைப் படித்தாள். கடந்த இரண்டு வருஷத்தில், எந்த டாக்டராவது, இன்னும் செய்யாத பரிசோதனை, சிகிச்சை.

"ஆமா" என்றார் எமில்.

பெர்னி அவர் கையை இறுக்கினாள். கேள்வி சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, குழம்பிவிட்டார் என்று நினைத்தாள். இல்லை என்று வாயசைத்துக் காட்டினாள். எமில் அவளைப் பார்க்கவில்லை.

"ஆமாம் என்றா சொன்னீர்கள்?" என்று குரல் கேட்டது.

"ஆமா. நரம்பு டாக்டரைப் பாக்கச் சொன்னார். மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நான் இன்னும் போகல."

"யார் சொன்னது, எப்போது?"

"டாக்டர் பாவ்லிக். ஆகஸ்ட்ல."

ஆகஸ்டில். புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோட் மாட்டும் மூலையில் டாக்டர் தன்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்பது பெர்னிக்கு அப்போதுதான் உறைத்தது. மூணு மாசமாக வாசலில் காவல் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் வார்த்தை எப்போதோ உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டிருக்கிறது. செப்டம்பரில் அவள் முதல் மாவுத் துணுக்கை அவர் விரலில் வைத்தபோதே, எதற்கென்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இந்தப் பதிலோடு எமில் ஹூடாக்கின் விண்ணப்பத்தை மேலே கொண்டுபோக முடியாது என்றாள். பரிசோதனை முடிந்து, முடிவும் நல்லபடியாக வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றாள். பிறகு அதே குரலில், அவருடைய மனைவி பக்கத்தில் இருக்கிறாரா, அவருடையதை இப்போதே முடித்துவிடலாமா என்று கேட்டாள்.

ரூடி எட்டி, அந்தப் பக்கம் பேச்சுக் கேட்காதபடி பொத்தானை அழுத்தினான்.

"எங்கிட்ட சொல்லல நீ" என்றாள் பெர்னி. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எங்கிட்ட நீ சொல்லல, எமில்."

அவர் சொன்னார், தலைகுனிந்தபடி, துண்டு துண்டாக. ஜூலையில் ஒருநாள் காருக்கு அடியில் பெட்ரோல் ஒழுகித் தரையெல்லாம் ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் நாற்றம் தாங்காமல் ஓடிவந்து கத்தியபோதுதான் எமில் குனிந்து பார்த்திருக்கிறார். முப்பது வருஷம் பெட்ரோலில் குளித்த மூக்கு அது. அடுத்த மாசம், ஆணி வாங்கப் போகிறேன் என்று ஒரு நாள் கிளம்பினாரே, அன்றைக்கு நேரே பாவ்லிக்கிடம் போயிருக்கிறார்.

"சரி, சொன்னார். அது பாவ்லிக்குக்கும் உனக்கும் தெரியும். இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? ஒரே ஒரு வார்த்தை. இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்ன?"

"பாவ்லிக் எழுதி வச்சிருக்கார், பெர்னி. பெரிய பில்லு ஒண்ணு வரட்டும், அன்னிக்குத் தோண்டி எடுப்பாங்க. பொய் சொன்னேன்னு பாலிசியையே கிழிச்சுப் போடுவாங்க."

பெர்னி ரூடியைப் பார்த்தாள். ஆமாம் என்று அவன் தலையாட்டினான்.

"அப்போ எதுக்கு இந்தக் கூத்து? எதுக்கு விண்ணப்பம், எதுக்கு நான் காலைலேர்ந்து அந்த டாக்டர் பின்னாடி பைத்தியக்காரி மாதிரி..."

எமில் இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆகஸ்ட்ல சொல்ல மனசு வரல. ரூடி அந்தக் குண்டைப் போட்டப்புறம் சொல்லியிருந்தா நீ விண்ணப்பம் போட்டிருக்க மாட்டே. எனக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்னு ஓசி பிளான்லயே உக்காந்திருப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?" வலது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். "நான் படுத்தா நீ பாத்துக்குவே. நீ படுத்தா, இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் உன்னைப் பாத்துக்க முடியாது. அதனால நல்ல பாலிசி உனக்குத்தான் வேணும்."

கோபமா, அழுகையா என்று பெர்னிக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கணம் அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. நவம்பர் பரிசோதனையைத் தள்ளிப் போட்டது நினைவுக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி இன்னும் பட்டியலில் இருந்த நாட்கள் அவை. அந்த நாட்களை அவர் அவளுக்காகப் போக்கினார், அவள் அவருக்காகப் போக்கினாள். ஆளுக்கொரு பக்கம் மறைத்து, கடைசியில் இருவருமாகத்தான் அதை வீணாக்கியிருக்கிறார்கள்.

"ஹலோ, இருக்கிறீர்களா?" என்றது தொலைபேசி.

எமில் பொத்தானுக்குக் கையை நீட்டினார். வலது கைக் கட்டைவிரல் முதல் தடவை தப்பியது. இரண்டாம் தடவை சரியாக விழுந்தது. தொலைபேசியை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"இருக்கா" என்றார். "கேளுங்க."

பெர்னி பதில் சொன்னாள். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை. புற்று இல்லை, மாரடைப்பு இல்லை, பக்கவாதம் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் எமில் தலையை ஆட்டினார், பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்கும் தகப்பன் மாதிரி. கடைசிக் கேள்வி வந்தது. செய்யச் சொல்லிச் செய்யாமல் விட்டது ஏதாவது?

அவளைப் பொறுத்தவரை அதுவும் இல்லைதான். அவள் பொய் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை வெளியே வர மறுத்தது. எமிலை வாசலில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதுபோல இருந்தது.

"இல்லை" என்றாள்.

நன்றி என்றது குரல். மருந்துக்கடைப் பதிவுகளையும் பார்த்துவிட்டதாகவும், தடையெதுவும் தெரியவில்லை என்றும், விண்ணப்பம் ஏற்கப்படும் என்றும் சொன்னது. இனிய பண்டிகைக் கால வாழ்த்துகள் என்றும் சொல்லி வைத்துவிட்டது.

ரூடி தொண்டையைச் செருமினான். அண்ணி இன்னும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மருந்துக்கான தனித் திட்டம் அது. அதில் கையெழுத்து விழுந்த மறுகணமே ஓசி பிளானிலிருந்து அவள் பெயர் தானாகக் கழன்றுவிடும். நாளைக்குள் போட்டால் ஜனவரி முதல் தேதியிலிருந்து அவளுக்கு எந்த ஆஸ்பத்திரி வேண்டுமானாலும் திறந்திருக்கும். அண்ணன் மட்டும் ஓசி பிளானில் இருப்பார். பட்டியலில் நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார், முதலில் அனுமதி வாங்க வேண்டும், அப்புறம் அவர் நேரம் கொடுக்க வேண்டும் என்று இழுத்தான்.

"அவரு எங்கே இருக்கார்?"

ரூடி ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். காரில் போய்வரவே முழு நாள் ஆகும்.

"எப்போ நேரம் கொடுப்பார்?"

"வசந்தத்துக்குள்ள கிடைச்சா பெரிசு, அண்ணி."

பெர்னி எழுந்துபோய் அவன் கோட்டை எடுத்துவந்து கொடுத்தாள். நாளைக் காலையில் வா என்றாள். அவன் கதவருகே நின்று ஏதோ சொல்ல வந்தான். அந்த ஆறு மாசத்தைப் பற்றித்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை. கதவைச் சாத்திவிட்டாள்.

சமையலறையில் விளக்குப் போடாமலே எமில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வலது கை கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறுமையை உருட்டிக்கொண்டிருந்தன. பெர்னி பழக்கத்தில் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். கோயிலிலிருந்து காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த மாவுத் துணுக்கு விரலில் தட்டுப்பட்டது. எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம், பெர்னி" என்றார். "இனிமே யாருக்காக?"

அவள் மாவைக் குப்பையில் போட்டாள். விளக்கைப் போட்டாள். அவருக்கு எதிரே உட்கார்ந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், காலையில் காலணிக்குள் இருந்த ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். தோலில் நகம் பட்டதும் சாறு பீச்சியடித்தது. எமில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசனை நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

பெர்னி அழுதாள். சத்தமில்லாமல், உரிப்பதை நிறுத்தாமல் அழுதாள். நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினாள். ஒரு சுளையைப் பிரித்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருவேல்ல?" என்றார் எமில்.

"தின்னு முதல்ல" என்றாள் அவள்.